தீவுக் கேப்டன் வீட்டில் ஒரு சிதறுகாய்

பயந்தாங்கொள்ளிகள் பயணக் கட்டுரை எழுதக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நாகப்பட்டினத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். சிதம்பரம் தாண்டினாலே வீட்டுக்குப் போன் போட்டு, கேஸை மூடினீர்களா என்று கேட்கிறவன். கடற்கரை ஊரில் பிறந்தும் கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. அப்படிப்பட்டவனை யாங்கோனுக்கு இழுத்தது ஒரே ஒரு சொல்: தாய்மாமன்.

எங்கள் பெரியப்பா குடும்பம் பர்மாவிலேயே தங்கிவிட்டது. அவர் மகள் சரசு அக்காவை நான் போன் திரையில்தான் பார்த்திருக்கிறேன். கூடப் பிறந்தவர்கள் யாரும் அவளுக்கு இல்லை. ஒரே மகன் ரவி, இருபத்தாறு வயது, சரக்குக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது. "உன் மருமவன் கடலுக்குப் போறான் தம்பி. தாய்மாமன் நின்னு வழியனுப்பணும். உன்ன விட்டா எனக்கு யாரு?" என்றாள். ரவி வயதுப் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு எடுக்கிறார்கள் என்பதை அவள் போனில் சொல்லவில்லை. "இங்க காத்து சரியில்ல" என்று மட்டும் சொன்னாள். நான் குடை எடுத்துவைத்துக்கொண்டேன்.

முதல் நாளே டாக்ஸியில் உயிர் போய் வந்தது. அந்த ஊரில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஆனால் கார்களில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. முன்னால் போகும் லாரியைத் தாண்ட முடியுமா என்று டிரைவருக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்குத்தான் தெரியும். டிரைவர் என் முகத்தைப் பார்த்து முடிவு செய்தார் என்று நினைக்கிறேன். என் முகம் எப்போதும் 'வேண்டாம்' என்றே சொன்னதால், விமான நிலையத்திலிருந்து விடுதிவரை ஒரே லாரியின் பின்னாலேயே போனோம்.

வெளிநாட்டுக்காரன் சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்கக் கூடாது. அதனால் படுக்கை விடுதியில், பகல் முழுக்க அலோன் என்கிற பேட்டையில் அக்கா வீட்டில். துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால், குறுகலான மாடிப்படிகள் உள்ள பழைய கட்டடம். உச்சி மாடியில் அவள். ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்குகிறது, நுனியில் ஒரு பை. காய்கறிக்காரர் பையில் போட்டுக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும், இழுத்துக்கொள்வார்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நாகப்பட்டினத்தில் இப்படித் தொங்கவிட்டால் மறுநாள் கயிறு இருக்காது.

அக்கா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, "அப்பிடியே எங்கப்பா மூக்கு" என்று அழுதாள். பிறகு மொஹிங்கா போட்டாள். மீனைக் கரைத்து, வாழைத்தண்டு சேர்த்துக் கொதிக்க வைத்த குழம்பை அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவது. காலை உணவுக்கு மீன் குழம்பா என்று முதலில் முகத்தைச் சுளித்தவன், இரண்டாவது கிண்ணம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தது. தெரு முழுக்க "மீ லாபி!" என்று ஒரே கூச்சல். விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தமாம். நான் மட்டும் ஏதோ விபரீதம் என்று கிண்ணத்தோடு மேசைக்கடியில் பாதி இறங்கியிருந்தேன். ரவி சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டான்.

ரவிக்கு வீட்டில்தான் ரவி. அடையாள அட்டையிலும் தெருவிலும் கோ நய் லின். தமிழ் நன்றாகப் புரியும், பேச்சுதான் நொண்டும். தேநீர்க் கடைக்குக் கூட்டிப் போனான். குட்டி முக்காலிகள், கெட்டியான இனிப்புத் தேநீர். நம்மூர் டீக்கடையில் இருக்கும் சத்தம் அங்கே இல்லை. யாரும் செய்தி பேசவில்லை. தெருமுனையில் ஒரு வண்டி மெதுவாகத் திரும்பியதும், பக்கத்து மேசையிலிருந்த இளவட்டங்கள் பாதித் தேநீரை வைத்துவிட்டுச் சந்துக்குள் நழுவினார்கள். ரவியும் எழுந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தான்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல மாமா. பழக்கம்."

அவன் காலைப் பார்த்தேன். கப்பல் ஏறும்வரை இந்தக் கால் ஒரு இடத்தில் நிற்காது என்று எனக்குப் புரிந்தது. அன்று விடுதி அறையில் கதவுக்கு முட்டுக் கொடுத்து நாற்காலியை வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

மறுநாள் காலை அக்கா ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தாள். உள்ளே குடுமியோடு உரித்த தேங்காய், கொஞ்சம் சூடம், தீப்பெட்டி.

"க்யிம்யிண்டைங்ல தீவுக் கேப்டன் வீடு இருக்கு. இந்தப் பக்கத்துல கடலுக்குப் போறவங்க எல்லாரும் அங்க போயிட்டுத்தான் போவாங்க. இவனக் கூட்டிட்டுப் போ. செய்ய வேண்டியதச் செஞ்சுட்டு வா."

"என்ன செய்யணும்க்கா?"

"நீதான தாய்மாமன்? உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த ஊரில் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றாவது கிடைத்ததே.

தீவுக் கேப்டனை அந்த நாட்டில் தெரியாதவர்கள் இல்லை. தெற்குக் கடலில் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான தீவுகளுக்கு நடுவே சிறிய பாய்மரப் படகில் திரிந்து, எங்கே பாறை, எங்கே ஆழம் என்று வரைபடம் போட்ட மாலுமி. பள்ளிப் பாடத்தில் வருகிறாராம். அவர் குடியிருந்த தேக்கு வீடு இப்போது அருங்காட்சியகம்.

பேருந்திலிருந்து இறங்கி சைக்காவில் போனோம். சைக்கிளின் விலாவில் ஒட்டவைத்த வண்டி அது. இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். முன்பக்கம் ரவி, பின்பக்கம் நான். எதிரில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது; தப்பிப் போனது மட்டும் தெரியும். என்னைப் போன்றவனுக்கு இது நல்லதா கெட்டதா என்று கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை.

ஆற்றோரம், மதில் சுவருக்குள் இருந்தது வீடு. வாசல் மரத்தடியில் கம்பத்தின் மேல் சின்ன மரக்கோயில். உள்ளே ஒரு இளைஞனின் பொம்மை, மடியில் வீணை போல ஒன்றை வைத்துக்கொண்டு. ஊ ஷின் ஜீ, கடலும் ஆறும் கலக்கிற தண்ணீருக்குக் காவல் என்றான் ரவி. நம்மூர் ஐயனாருக்குச் சங்கீதம் தெரிந்தால் எப்படியிருக்கும், அப்படி. "மாமா, இங்கயே நில்லுங்க. ஆள் இருக்காங்களா பாத்துட்டு வரேன்" என்று அவன் வீட்டுக்குள் போனான்.

நான் சும்மா நிற்கவில்லை. சூடம் ஏற்றினேன். என் மருமகன் போகிற கப்பலுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று வேண்டினேன். தேங்காயைச் சூடத்துக்கு மேல் சுற்றி, வீட்டைப் பார்த்துக் காட்டி, தலைக்கு மேல் தூக்கி, சிமெண்ட் படியில் ஓங்கி அடித்தேன். எங்கள் ஊரில் ஒரே அடியில் சிதறினால் காரியம் ஜெயம். சிதறியது.

மதில் சுவருக்குள் அந்தச் சத்தம் எப்படி எழுந்தது என்று எனக்கே ஆச்சரியம். தேங்காய் மாதிரியே இல்லை. வெளியே பலகாரம் பொரித்துக்கொண்டிருந்த பெண் அடுப்பை விட்டுத் தரையில் குப்புற விழுந்தாள். எதிர்க் கடையின் ஷட்டர் கடகடவென்று இறங்கியது. எங்களை இறக்கிவிட்ட சைக்காக்காரர் சாக்கடைக்குள் குதித்தேவிட்டார். ஒரு விநாடிக்கு முன்னால் இருந்த தெரு அங்கே இல்லை. வெடிச்சத்தம் கேட்டுப் பழகிய ஊர் அது என்பது என் மரமண்டைக்கு அப்போதுதான் ஏறியது.

ரவி ஓடி வந்தான். சிதறிய தேங்காயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் கேட்டில் ஒரு லாரி வந்து நின்றது. துப்பாக்கியோடு சீருடையில் இரண்டு பேர் இறங்கினார்கள்.

நான் பயந்த சந்தர்ப்பங்கள் வாழ்க்கையில் நிறைய உண்டு. அவை எல்லாம் ஒத்திகை என்று அன்றைக்குத் தெரிந்தது. என் உயிருக்காகப் பயந்தேன் என்று சொன்னால் பொய். அக்கா கொடுத்தனுப்பிய பிள்ளையை, கப்பல் ஏற இருக்கிற பிள்ளையை, நானே கை தட்டிக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே என்றுதான் பயந்தேன். தாய்மாமன் செய்கிற காரியமா இது?

வீட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மாள் வெறுங்காலோடு இறங்கி வந்தார். என் வயதிருக்கும். கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து நூலால் கட்டியிருந்தது. பெயர் டோ மியா, கேப்டனின் வம்சம், அந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவர் என்று பிறகு அறிந்தேன். அவர் தரையிலிருந்து ஒரு தேங்காய்ச் சில்லைப் பொறுக்கி, வந்தவர்கள் முகத்துக்கு நேரே நீட்டிப் படபடவென்று பேசினார். ரவி பிறகு எனக்குச் சொன்னது இது:

"இந்தியாவிலிருந்து வந்த ஆள். அவர்கள் சாமிக்கு இப்படித்தான் உடைப்பார்கள். சந்தேகம் இருந்தால் உள்ளே வந்து பாருங்கள். ஆனால் மேலே புத்தர் இருக்கிறார். செருப்பு, பூட்ஸ் எதுவும் கூடாது."

இரண்டு பேரும் தங்கள் பூட்ஸைக் குனிந்து பார்த்தார்கள். கெண்டைக்கால் பாதிவரை நாடா. கழற்றி மாட்ட நெடுநேரமாகும். பெரியவன் படியோரமே நின்றுகொண்டு சில்லை மோந்து பார்த்தான். சின்னவன் ரவியின் அட்டையைக் கேட்டான். ரவி அடையாள அட்டையோடு கப்பல்காரர்களுக்கான புத்தகத்தையும் கொடுத்தான். சின்னவன் அவற்றை மூக்குக்கு நேரே வைத்து, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படித்தான். தொழில் புத்தி போகுமா? மைனஸ் மூன்று இருக்கும், கண்ணாடியே போடாதவன் என்று என் மனம் கணக்குப் போட்டது. இவன் தப்பாகப் படித்துத் தொலைப்பானோ என்று அடுத்த பயம். அவனுக்கும் ரவி வயதுதான் இருக்கும். அவன் அம்மா எங்கே இருக்கிறாளோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது.

அட்டை திரும்பி வந்தது. லாரி போனது. பலகாரக்காரப் பெண் எழுந்து அடுப்பைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அதை மட்டும் ரவி மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

டோ மியா என்னை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கொஞ்சம் தெளிந்ததும் வீட்டைச் சுற்றிக் காட்டினார். கேப்டனுக்கு ஆடாத கட்டிலில் தூக்கம் வராதாம், அதனால் கூடத்தில் கயிற்றுத் தூளி. ஆழம் பார்க்கிற ஈயக்குண்டு; அதன் அடியில் மெழுகு தடவி இறக்குவாராம், கடலடி மண் ஒட்டிக்கொண்டு வரும். அப்படி வந்த மண்ணெல்லாம் அலமாரியில் சின்னச் சின்னக் குப்பிகளில்: சாம்பல் சேறு, வெள்ளை மணல், நொறுங்கிய சங்கு. தொலைநோக்கியின் கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதைத் துடைத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருப்பேன்.

தென்கிழக்குத் தூணுக்கு வந்ததும் டோ மியா குரலைத் தாழ்த்தினார். தூணில், சிவப்புத் துணி சுற்றிய ஒரு தேங்காய் தொங்கியது. கறுத்து, சுருங்கி, ஒரு கைப்பிடி அளவுக்கு வற்றியிருந்தது.

கேப்டன் ஒவ்வொரு முறை புறப்படும்போதும் அவர் மனைவி ஒரு முழுத் தேங்காயை இங்கே கட்டுவாராம். திரும்பி வந்ததும் கேப்டனே அதை இறக்கி ஆற்றில் விடுவார். கடைசிப் பயணத்துக்குக் கட்டிய காய் இது. இறக்க ஆள் வரவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கரையில் கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் இங்கே வந்து காய் கட்டத் தொடங்கினார்களாம்.

பின்வராந்தாவில் மூங்கில் கழியில் வரிசையாகத் தேங்காய்கள் தொங்கின. எல்லாவற்றிலும் சிவப்புத் துணி. சில பழுப்பு நிறம், சில கறுப்பு, ஒன்றிரண்டு முளைவிட்டிருந்தன. விரிசல் விடாமல் முழுசாக இருக்கும்வரை போனவர் பத்திரம். விரிசல் கண்டால் வீட்டில் உள்ளவர்களுக்குத் தூக்கம் போய்விடும். இதையெல்லாம் ரவி மெதுவாக, சொல் தேடித் தேடித் தமிழில் சொன்னான். நான் வாசல் படியில் கிடக்கும் சில்லுகளை நினைத்தேன். பக்கத்தில் இருந்த கேப்டனின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்காரக் கூடாது என்று அதில் எழுதியிருந்ததாம்.

"துணி எங்கே?" என்று டோ மியா கேட்டார். "சிவப்புத் துணி இல்லாமல் அம்மாமார்கள் காய் அனுப்புவதில்லையே."

பையைக் கவிழ்த்துக் காட்டினேன். தீப்பெட்டிதான் விழுந்தது.

அவர் வருத்தப்படவேண்டாம் என்று என் தோளைத் தொட்டார். வீட்டில் இன்னொரு காய் இருக்கிறது, துணியும் இருக்கிறது, இப்போதே கட்டிவிடலாம் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரவி இரண்டு கைகளையும் கூப்பி, குனிந்து, பர்மியத்தில் ஏதோ சொன்னான். அந்த அம்மாள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வெளியே வந்து, படியில் கிடந்த பெரிய சில்லுகளை ரவி ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பையில் போட்டான்.

திரும்பும்போதும் அதே சைக்கா. அதே முதுகோடு முதுகு.

"மாமா."

"சொல்லுப்பா."

"அந்த அம்மா வேற காய் குடுத்தாங்க. நான்தான் வேணாம்னேன்."

"ஏம்பா? எம்மேல கோவமா?"

"ம ஹௌபூ. இல்ல மாமா. கட்டுறது, திரும்பி வர்றவங்க கட்டுறது. நான் வர்றதா இல்ல. இந்தக் கப்பல் முடிஞ்சா வேற கப்பல். வந்தா என்னய எடுத்துருவாங்க. அங்க போயி பொய்யாக் கட்டக் கூடாதுல்ல?"

அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. முதுகு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. என்னுடையதும்தான். வண்டிக்காரர் தேடித் தேடிப் பள்ளத்தில் விடுவதால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"வாய் வரல. நீங்க சொல்றீங்களா மாமா?"

இந்த ஐம்பத்தெட்டு வயதுக்குள் நான் சொல்லாமல் ஒளிந்த விஷயங்கள் எத்தனையோ. ஒரு தாயிடம் போய், உன் பிள்ளை திரும்ப மாட்டான் என்று நான் சொல்வதா? அந்தச் சீருடைக்காரனிடமே மறுபடி போய் நிற்கச் சொன்னாலும் பரவாயில்லை என்று தோன்றியது. "பாக்கலாம்ப்பா" என்றேன். என் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று கடைக்கு வரும் கடன்காரர்களுக்குத் தெரியும்.

பேருந்து மாறி அலோனில் இறங்கியதும் பையை என்னிடம் கொடு, வழியில் எங்காவது போட்டுவிடலாம், காய் கட்டியாகிவிட்டது என்று அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். ரவி நேரே போய் அவர்கள் வீட்டுக் கயிற்றை எட்டிப் பிடித்தான். நுனியில் தொங்கிய பைக்குள் தேங்காய்ச் சில்லுகளை வைத்தான். கயிற்றை ஆட்டினான். மேலே மணி அடித்தது.

அக்காவின் தலை பால்கனியில் தெரிந்தது. பை அசைந்து அசைந்து ஒவ்வொரு மாடியாக மேலே ஏறியது. அவள் அதைப் பிரித்து உள்ளே பார்த்தாள். அவ்வளவு உயரத்தில் அவள் முகம் என் கண்ணுக்கு எட்டவில்லை. பிறகு வழக்கம்போல் கயிறு கீழே வந்தது, பையில் வாசல் சாவியோடு.

படியேறினோம். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினேன். மூச்சு வாங்கியது படியால் மட்டும் இல்லை. ஒப்பாரிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஏறினேன். மேலே போனபோது கேட்டது துருவுகிற சத்தம். அக்கா அருவாமனையில் உட்கார்ந்து அந்தத் தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தாள்.

"ரவி, போயி தலைக்குக் குளி. நல்லா முத்தின காய், பால் நெறைய வருது. ஒன்நோ கௌஸ்வே பண்றேன்" என்றாள். தேங்காய்ப்பாலில் கோழியும் நூடுல்ஸும். அவனுக்குப் பிடித்தது.

அவன் குளிக்கப் போனதும் நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பேசுவதற்கு முன்னாலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அக்கா, நான்தான் உடைச்சேன். தெரியாமப் பண்ணிட்டேன். அங்க கட்டணுமாம். நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சூடம் ஏத்துனியா?"

"ஏத்துனேன்."

"ஒரே அடியில உடைஞ்சுதா?"

"உடைஞ்சுது."

"அப்ப சரி."

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. "நான் அலோன்ல பொறந்து வளந்தவ தம்பி. அங்க கட்டணும்னு எனக்குத் தெரியாதா? நாகப்பட்டினத்துத் தாய்மாமன் கையில காயும் சூடமும் குடுத்தா என்ன பண்ணுவான்னும் தெரியும்."

சிவப்புத் துணி இல்லாத பை நினைவுக்கு வந்தது.

"ஏங்க்கா?"

"எங்கப்பாவுக்குக் கட்டுனோம், வந்தாரு. இவன் அப்பனுக்கு நான் என் கையால கட்டுனேன், வந்தான். நான் பாத்து அந்த வீட்டுல கட்டுன காய் யாரையும் திரும்பக் கொண்டுவராம விட்டதில்ல." குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவள் குரலை இறக்கினாள். "கட்டுனா இவனும் வந்துருவான் தம்பி. அதுதான் எனக்குப் பயம்."

"அத நீயே அவன்கிட்ட சொல்லிரேன்க்கா."

"வராதேன்னு பெத்தவ வாயால சொல்லவா? சொன்னா அவன் எப்படிப் போவான்? நீயும் சொல்லக் கூடாது."

ரவி தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அக்கா அவன் கிண்ணத்தில் நிறையப் போட்டாள். அவன் அம்மா முகத்தைப் பார்த்தான், அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றான். இன்னும் போட்டுக்கோ என்றாள். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த நான், வாய் சும்மா இருந்தால் எதைச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து பயந்து, அந்தத் தேங்காய்ப்பாலை வயிறு கொள்ளாத அளவுக்குக் குடித்தேன்.